தெலெமா

ஆண்ட்வெர்ப்
திங்கட்கிழமை காலை

அன்பு எயெங்காவுக்கு,

உன் இலோங்கா எழுதுவது. நலம் என்று தொடங்கினால் நீ கடிதத்தை மடியில் போட்டுக்கொண்டு, "இந்த மனுஷன் என்னத்தையோ மறைக்கிறான்" என்பாய். ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இடது முழங்கால் வலிக்கிறது. சளி போய்விட்டது. சாப்பாடு இறங்குகிறது. களைப்பு மட்டும் எவ்வளவு தூங்கினாலும் போகமாட்டேன் என்கிறது.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாய். பக்கத்தில் உன் மகள் பிளாமெடி, அவளுக்குப் பக்கத்தில் தையல்காரி ஃபிஃபி, வாசலில் அவள் புருஷன். நான் இங்கே தும்மினால் லெம்பாவில் நம் தெருவே கஷாயம் சொல்கிறது. இந்தக் கடிதத்தில் உள்ளதைத் தெருவுக்குச் சொல்ல முடியாது. தங்கை கல்யாணத்துக்காக பிபீஷ் வியாழக்கிழமை கின்ஷாசா வருகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். பிளாமெடி பள்ளிக்கூடம் போன பிறகு பிரித்துப் படி.

பிபீஷ் யார் என்று உனக்குத் தெரியும், என்னோடு நாடகத்தில் இருக்கிறவள். நடிக்கிறவள் என்று எழுதப் போனேன், கை வரவில்லை. அவளும் நானும் அங்கே உட்காருகிறோம், அவ்வளவுதான்.

என்ன நாடகம், என்ன வேஷம், வசனம் எத்தனை பக்கம் என்று எத்தனையோ தடவை கேட்டாய். "பெரிய வேஷம்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். வசனம் ஒரு வரிகூட இல்லை, எயெங்கா. நாடகத்தின் பெயர் 'காது'. துறைமுகத்தில் ஒரு பழைய கிட்டங்கியில் நடக்கிறது. ஒரு காலத்தில் நம் ஊர் ரப்பரும் தந்தமும் வந்து இறங்கிய இடமாம். நடுவில் இரண்டு நாற்காலி. ஒன்றில் நான், ஒன்றில் பிபீஷ். சுற்றிலும் அறுபது பேர். விளக்கை அணைப்பதில்லை. ஒவ்வொருவராக எழுந்து வந்து, ஆப்பிரிக்காவைப் பற்றியோ கறுப்பர்களைப் பற்றியோ தங்கள் மனதில் கிடக்கும், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை எங்கள் காதில் சொல்லிவிட்டுப் போகவேண்டும். நாங்கள் பதில் சொல்லக்கூடாது, முகத்தைத் திருப்பக்கூடாது, இடத்தைவிட்டு அசையக்கூடாது. ஒன்றேகால் மணி நேரம். முடிந்தது நாடகம்.

இயக்குநர் யோரிஸ் மோசமானவர் இல்லை. முதல் நாளே என்னிடம், "இத்தனை காலம் நாங்க பேசினோம், நீங்க கேட்டீங்க. அது எவ்வளவு அசிங்கம்னு எங்க ஆளுங்களுக்கு ஒரு தடவையாவது உறைக்கணும்" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சிலருக்கு உறைக்கவும் செய்கிறது. அழுதுகொண்டு வருகிறார்கள், சொல்கிறார்கள், முகம் தெளிந்து திரும்பிப் போகிறார்கள். அவர்கள் இறக்கிவைத்துவிட்டுப் போவதை யார் சுமப்பது என்று யாரும் கேட்பதில்லை. அந்த மௌனம் ஐரோப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது என்று ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். கூண்டில் உட்கார்ந்திருப்பது என்னவோ நானும் பிபீஷும்தான்.

என்னதான் சொல்வார்கள் என்று உனக்கு ஆவலாக இருக்கும். ஒருத்தர், "பஸ்ல உங்க ஆளுங்க பக்கத்துல வந்து உட்கார்ந்தா பையை எடுத்து மடியில வச்சுக்குவேன்" என்றார். ஒரு அம்மாள், ருவாண்டாவில் ஒரு பையனுக்கு மாதாமாதம் உதவி அனுப்புகிறாளாம், அவன் நன்றி என்று ஒரு வரி எழுதவில்லை என்று என் காதில் பொரிந்து தள்ளினாள். நன்றாக உடுத்திய ஒரு பெரிய மனுஷர், "தயவுசெஞ்சு உங்க ஊருக்கே போயிடுங்களேன்" என்றார். எவ்வளவு மரியாதை பார், தயவுசெய்து என்றார். ஒரு சின்னப் பெண், "உங்களைப் பார்த்தா பாவமா இருக்கு, அப்படிப் பாவமா இருக்கிறதே எனக்குப் பிடிக்கலை" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அவளை மட்டும் கூப்பிட்டு, பரவாயில்லம்மா என்று சொல்லத் தோன்றியது. ஒருவன் பிபீஷிடம் போய், கோழி மோவாம்பேக் குழம்புக்குப் பனம்பழச் சாற்றை எப்போது ஊற்றவேண்டும் என்று கேட்டானாம். சிரிப்பை அடக்கியதில் அவளுக்கு விலா வலித்துவிட்டது.

முதல் மாதம் இதையெல்லாம் அறைக்கு வந்து பிபீஷோடு பேசிச் சிரிப்பேன். இரண்டாவது மாதம் பேசவில்லை. இப்போது டிராமில் யாராவது என்னைப் பார்த்தால், இவர் என் காதில் என்ன சொன்னவர் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறேன். இது நல்லதற்கில்லை என்று தெரிகிறது.

இனி, எதற்காக இந்தக் கடிதமோ அதற்கு வருகிறேன்.

நேற்று ஞாயிறு, மதியக் காட்சி. பாதி முடிந்திருக்கும். எழுபது வயதுக்கு மேல் ஒரு அம்மாள் கைத்தடியோடு என்னிடம் வந்தாள். காது மந்தம் போல. ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு கிட்டங்கி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். என்ன மொழியில் என்று நினைக்கிறாய்? லிங்காலா! அதுவும் நம் ஆற்றங்கரை லிங்காலா, பண்டாக்கா வாடை அடிக்கிற லிங்காலா. இரண்டு வருஷமாகப் போனில் உன் குரலிலும் பிபீஷ் வாயிலும் தவிர நான் கேட்காத பேச்சு.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஏழெட்டுச் சொல்தான். "வா" என்றாள். "தண்ணி கொண்டா" என்றாள். "கதவைச் சாத்து. சீக்கிரம். பேசாதே" என்றாள். குரலில் அதட்டல் கொஞ்சமும் இல்லை. குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிறவள்போல மெதுவாக, கண்ணில் நீர் வழிய ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில், "தெலெமா" என்றாள்.

நான் எழுந்து நின்றேன், எயெங்கா.

யோசித்து நிற்கவில்லை. மரியாதைக்கும் நிற்கவில்லை. எழு என்கிற அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் முழங்கால் தானாக நிமிர்ந்துவிட்டது. நின்ற பிறகுதான் நிற்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. இரண்டு கையும் தொடையோடு ஒட்டியிருந்தன. அந்த அம்மாள் பயந்து ஒரு அடி பின்னால் போனாள். அறுபது பேரும் கைதட்டினார்கள். நாடகத்தில் இருப்பது என்று நினைத்துவிட்டார்கள்.

முடிந்ததும் வாசலில் காத்திருந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பெயர் கோடெலீவ். பண்டாக்காவில் பிறந்தவளாம், அப்போது அந்த ஊருக்கு வேறு பெயர். பன்னிரண்டு வயதில், நமக்கு விடுதலை வந்த வருஷம், இங்கே கூட்டிவந்துவிட்டார்கள். "எங்க வீட்டுல வேலைக்கு இருந்தவர்தான் என்னைத் தூக்கி வளர்த்தார். அவர்கிட்ட எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க. உங்க பாஷையில எனக்கு வேற எதுவும் தெரியாது. அன்பா ஏதாவது சொல்லணும்னுதான் வந்தேன். தெரிஞ்சதை எல்லாம் சொன்னேன்" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளைத் தூக்கி வளர்த்தவர் பெயர் என்ன என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டு, அவள் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

நாம் கல்யாணம் செய்வதற்கு முந்தைய வருஷம், குழுவோடு படகேறி பண்டாக்காவுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? 'துரை வருகிறார்' போட்டோம். நான்தான் துரை. முகத்தில் மரவள்ளி மாவு, தலையில் அட்டைத் தொப்பி. மேடையிலிருந்து ஜனங்களைப் பார்த்து "தெலெமா!" என்று கத்துவேன். அவர்கள் இன்னும் அழுத்தி உட்கார்ந்துகொண்டு "மாட்டோம்" என்று கூச்சல் போடுவார்கள். எல்லா ஊரிலும் அந்த இடத்தில்தான் கொட்டகை அதிரும். பண்டாக்காவில் மூன்றாவது வரிசையில் அப்பா இருந்தார். நான் கத்தினேன். அவர் எழுந்து நின்றார்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "மாமாதான்யா இன்னிக்கு உங்க எல்லாரையும் விட நல்லா நடிச்சாரு" என்று சாப்பிடும்போதுகூடச் சொன்னாய். அப்பாவும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். பதினைந்து வருஷம் துரை வீட்டில் வேலை பார்த்தவர். நாம் பெரியவர்களை எழுப்புவதென்றால் 'அப்பா'வை முன்னால் வைத்து, எழுந்திருங்களேன் என்போம். அந்த வீட்டில் அவருக்கு வெறும் 'தெலெமா'. நரைக்கத் தொடங்கிய பிறகும் 'பையன்' என்றுதான் கூப்பிட்டார்களாம். அன்றைக்கு மேடையிலிருந்து நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் நடிக்கவில்லை. இரண்டு கையும் தொடையோடு ஒட்டியிருந்தன. மகன் போட்ட மாவு வேஷத்துக்கு எழுந்து நின்றுவிட்டார். அதை நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்கும் தெரியும். சாகிறவரைக்கும் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. உன்னிடமும் இப்போதுதான் சொல்கிறேன்.

அந்த வீட்டு வேலை அவரோடு போயிற்று என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் முழங்காலுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது? நேற்று அறைக்கு வரும் வழியில் பிபீஷ், "அண்ணே, நானும்தான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். எனக்கும்தான் கேட்டுச்சு. நான் எழுந்திரிக்கலையே?" என்றாள். வேடிக்கைக்குச் சொன்னாள். அவள் அப்பா பஸ் ஓட்டியவர். நான் அவளை விட்டு முன்னால் நடந்துவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போய், ஒரு காபி வாங்கிக் கொடுத்தாள்.

யோரிஸுக்கோ தலைகால் புரியவில்லை. "இதுதான், இதைத்தான் இத்தனை நாளா தேடிக்கிட்டிருந்தேன்! இனிமே தினமும் இது வேணும், இலோங்கா. கடைசியில வைப்போம்" என்றார். அது நாடகம் இல்லை என்று சொன்னேன். "அதனாலதான் வேணும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவர் கையில் இருப்பது நாற்பது ஊர் சுற்றும் ஒப்பந்தம், ஒரு வருஷத்துக்கு. உன்னையும் பிளாமெடியையும் இங்கே கூட்டிவர, ஒரு வருஷ வேலை இருக்கிறது என்ற தாள் இல்லாமல் மனுவை வாங்கவே மாட்டேன் என்று அலுவலகத்து அம்மாள் போன மாதமே சொல்லிவிட்டாள். இது இல்லையென்றால் ஜனவரியோடு என் அனுமதியும் தீர்கிறது. வெறுங்கையோடு ஊர் திரும்பவேண்டியதுதான்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "வேண்டாம்னா வந்துடுங்க பிளாமெடி அப்பா, இங்க என்ன பட்டினியா கிடக்கிறோம்" என்பாய். அப்படிச் சொல்லிவிட்டுப் பல்வலியை என்னிடம் மறைப்பாய். அந்தப் பல்லைப் பிடுங்கினாயா இல்லையா? ஃபிஃபியிடம் கேட்டால், இரண்டு மாதமாக ஒரு பக்கமாகத்தான் மெல்லுகிறாய் என்கிறாள்.

புதன்கிழமை

பிபீஷ் நாளைக்குப் புறப்படுகிறாள். உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன், நல்லதாயிற்று.

நேற்று ஒத்திகை. யோரிஸ், கோடெலீவை வரவழைத்து அந்த ஒரு சொல்லை மட்டும் பதிவு செய்துவிட்டார். அந்த அம்மாள் பதிவு அறையிலிருந்து வெளியே வந்து, "நான் பண்றது சரிதானா? உங்களுக்கு வேண்டாம்னா நான் மாட்டேன்னு சொல்லிடறேன்" என்றாள். இங்கே வந்த இத்தனை நாளில் என்னிடம் வேண்டுமா என்று கேட்ட ஒரே ஆள் அவள்தான். நான் உங்கள் இரண்டு பேர் மனுவை நினைத்துக்கொண்டேன். சரிதான் அம்மா என்றேன்.

ஸ்பீக்கரை நாற்காலிக்கு அடியில் வைத்தார்கள். முதல் தடவை அவள் குரல் வந்தது, எழுந்தேன். யோரிஸ் உதட்டைப் பிதுக்கினார். "நடிக்கிறீங்க. ஞாயித்துக்கிழமை நடிக்கலை" என்றார். முப்பது வருஷம் மேடையேறியவனைப் பார்த்து நடிக்காதே என்கிறார். இரண்டாவது தடவை மெதுவாக எழுந்தேன், மூன்றாவது தடவை வெடுக்கென்று எழுந்தேன். "ரொம்ப அழகா இருக்கு, ஆனா பொய்" என்றார். பிபீஷுக்குப் பொறுக்கவில்லை. நம் பாஷையில், "அண்ணே, இந்த ஆளு மூஞ்சியில ஒப்பந்தத்தைத் தூக்கிப் போட்டுட்டு வாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து மீன் கடை போடலாம், நான் வெட்டறேன், நீங்க கூவுங்க" என்றாள். யோரிஸ் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். எனக்கு வாழ்த்துச் சொன்னாள் என்றேன்.

நாலாவது தடவை நான் ஒன்றும் செய்யவில்லை. மூன்றாவது வரிசையில் நின்ற அப்பாவை மட்டும் நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். குரல் வந்தது. முழங்கால் தானாக நிமிர்ந்தது.

யோரிஸ் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நல்ல மனுஷர்தான், அதை நான் மறுக்கவில்லை. நான் கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அப்பாவை எடுத்து விற்றுவிட்டேன் என்று தோன்றியது. பிறகு, அப்பாவாக இருந்தாலும் பேத்திக்காக இதைச் செய்திருப்பார் என்று தோன்றியது. இரண்டில் எது சரி என்று இதுவரை தெரியவில்லை.

இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். தாளின் நகல் பிபீஷிடம் இருக்கிறது, அதைப் பத்திரமாக வை. தூதரகத்துக்கு எடுத்துப்போக வேண்டியது அதுதான். பிளாமெடியின் பிறப்புச் சான்றிதழில் 'மெ' இருக்கிறதா 'மே' இருக்கிறதா என்று இப்போதே பார். போன தடவை என் பெயரில் ஓர் எழுத்துக்காக நாலு மாதம் இழுத்தார்கள். பையில் அவளுக்குக் காலணி இருக்கிறது, ஒரு அளவு பெரிதாகவே வாங்கினேன். நீலக் கம்பளிச் சட்டை உனக்கு. நிறம் பிடிக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, இங்கே குளிர் நிறம் பார்ப்பதில்லை. பிபீஷ் திரும்பும்போது இரண்டு மரவள்ளிக் க்வாங்காவும் கொஞ்சம் புகை மீனும் கொடுத்தனுப்பு. மீனை நன்றாகச் சுற்று, போன தடவை விமான நிலையத்தில் அவளை மோப்ப நாயோடு நிற்கவைத்துவிட்டார்கள்.

இனி ஒன்றே ஒன்றுதான் கேட்கவேண்டியது. நான் உன்னிடம் அதிகம் கேட்டதில்லை, கேட்டதையும் நீ பாதிதான் கொடுத்திருக்கிறாய். இதை முழுசாகக் கொடு.

நீங்கள் இங்கே வந்து சேர்ந்ததும் யோரிஸ் டிக்கெட் கொண்டுவந்து கொடுப்பார். முதல் வரிசையில் கொடுப்பார். என் எல்லா நாடகத்துக்கும் நீ முன்னால் உட்கார்ந்து, வசனம் தப்பினால் உதட்டை அசைத்து எடுத்துக் கொடுத்தவள். நான் எங்கே நடிக்கிறேன், எங்கே நடிக்கவில்லை என்பது யோரிஸுக்கு முன்னால் உனக்குத் தெரிந்துவிடும். இதற்கு மட்டும் வராதே. தலைவலி என்று சொல். பல்வலி என்று சொல், அதை நம்புவார்கள். பிளாமெடி அடம்பிடிப்பாள். அப்பாவை மேடையில் பார்க்கணும் என்று அழுவாள். அழட்டும். அவளிடம் என்ன வேண்டுமானாலும் சொல், வயதுக்கு வந்தவர்கள் மட்டும் பார்க்கிற நாடகம் என்று சொல், அப்பாவுக்குச் சின்ன வேஷம்தான் என்று சொல். மூன்றாவது வரிசையில் என் அப்பா நின்றதை நான் பார்த்தேன். நான் நிற்பதை அவள் பார்க்கவேண்டாம், எயெங்கா. உன் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

எந்தத் தாளும் எங்கும் மாட்டிக்கொள்ளாமல், எந்த வாசலிலும் யாரும் உங்களைத் தள்ளி நிற்கச் சொல்லாமல், இரண்டு பேரும் நல்லபடியாக வந்து சேருங்கள். விமான நிலையத்தில் கதவுக்கு நேராக நின்றுகொண்டிருப்பேன். அங்கே என்னை யாரும் எழுப்பியிருக்கமாட்டார்கள்.

உன்
இலோங்கா